கடல் ஜஸ்ரினுக்கு, கரை கொன்ஸ்ரன்ரைனுக்கு

கொன்ஸ்ரன்ரைன் சம்மாட்டியார் அலை தொட்டுப்போகும் ஈர மணலில் பெருவிரலால் கோடு இழுத்துக்கொண்டு நடக்கிறார். வள்ளம் சாய்ந்து கிடக்கும் இடத்தில் தொடங்கி, கயிற்றுக் குவியல் வரைக்கும் போகும் கோணல்மாணலான கோடு. முடிந்ததும் கரைப்பக்கமாகத் தன் பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு, சாரத்தை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு உட்காருகிறார். இரண்டாவது அலையே கோட்டைத் தின்றுவிட்டுப் போகிறது. அவருக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. "அழியட்டும். இருந்த இடம் எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்" என்கிறார்.

கோட்டுக்கு அப்பால் கிடக்கிற கடல் முழுவதும் அவருடைய மகள் சுவேதினியின் புருசன் ஜஸ்ரினுக்கு. இப்பால் கிடக்கிற கரை முழுவதும் சம்மாட்டியாருக்கு. மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாய்ப் பக்கம் காலையில் வருகிற எவரும் இந்த எல்லையைக் காணலாம். காணாவிட்டால் சம்மாட்டியார் கூப்பிட்டுக் காட்டாமல் விடமாட்டார்.

கரைவலையைக் கண்ணால் காணாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் பிடிக்க விட்டுவிட்டு, வள்ளம் வலையை ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் அரைவட்டமாக இறக்கும். மறு தலைப்பை வேறோர் இடத்தில் கரைக்குக் கொண்டுவரும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். நடுவில் மடி என்று ஒரு பை. மீன் அதற்குள் வந்து சேரும். வலைக்கும் வள்ளத்துக்கும் சொந்தக்காரர் சம்மாட்டி. கடலின் நிறத்தையும் நீரோட்டத்தையும் பார்த்து, எப்போது இறக்குவது, எங்கே இறக்குவது என்று சொல்பவர் மண்டாடி. மண்டாடி வள்ளத்தின் முன்னணியில் நின்று கையை உயர்த்தினால்தான் வலை இறங்கும். இதுதான் வழக்கம். ஆனால் சம்மாட்டி கரையில் நின்று ஒருமுறை செருமினால் அந்த வழக்கம் அந்த இடத்திலேயே மாறிவிடும். கரைவலை இழுக்கிற ஒவ்வொரு துண்டுக் கரையையும் பாடு என்பார்கள். எத்தனையோ பாடுகளில் செருமல்தான் ஆட்சி செய்கிறது. கொன்ஸ்ரன்ரைனின் பாட்டில் மட்டும் சம்மாட்டி செருமுவதில்லை. சளி பிடித்தால்கூடப் பனங்கூடலுக்குள் போய்ச் செருமிவிட்டு வருவார்.

ஆள் நல்ல உயரம். வெயில் குடித்துக் குடித்துத் தோல் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. நெஞ்சில் நரைமயிருக்குள் அந்தோனியார் பதக்கம் ஒன்று ஒளித்து விளையாடும். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அந்த ஐந்தாம் வகுப்பையும் வாசலில் நின்றுதான் படித்தார் என்று பகிடி பண்ணுகிறவர்கள் உண்டு. அதற்குப் பதில் தயாராக இருக்கிறது: "வாசலிலை நிண்டபடியால்தான் உள்ளுக்கு நடந்ததும் தெரியும், வெளியாலை நடந்ததும் தெரியும்." போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது அவருக்கு மிஞ்சியது கூரையில்லாத ஒரு சுவர். இன்று அந்த இடத்தில் மாடி வீடு நிற்கிறது. வீட்டைப் பற்றி யாராவது கேட்டால் சுவரைத் தட்டிக் காட்டிச் சொல்வார்: "ஒருத்தரும் என்னைத் தூக்கி விடேல்லை. என்ரை தோளிலை நானே ஏறி நிண்டு பாத்தனான்." கேட்காவிட்டாலும் சொல்வார்.

சோழகக் காற்று எழும்புவதற்கு முந்திய சில கிழமைகளில் இந்தத் தீவில் நேரம் என்பதே உருகிவிடும். கடல் எண்ணெய் தடவியதுபோல் கிடக்கும். வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. தூரத்து மணல்திட்டுகள் நீரை விட்டுச் சற்றே எழும்பி அந்தரத்தில் மிதக்கும். தீவின் மறுகரையில் காற்றாலைகள் சுற்ற மறந்து நிற்கும். அவற்றில் ஒன்று திடீரென்று எதையோ நினைத்துக்கொண்டதுபோல் அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் மறந்துபோகும். அப்படியான காலையில் சம்மாட்டியார் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு கதிரையில் இருப்பார். நித்திரை என்று நினைத்து யாராவது குரலைத் தாழ்த்தினால், "நான் நித்திரை இல்லை, யோசிக்கிறன்" என்று கண்ணைத் திறக்காமலே சொல்வார்.

அவர் யோசிப்பது அரசாங்கங்களைப் பற்றி.

"வீட்டுப் படலையிலை இருந்து தண்ணியிலை கால் வைக்கிறதுக்கிடையிலை நான் மூண்டு அரசாங்கத்தைத் தாண்டுறன்" என்பார். "தலைமன்னார்ப் பெருந்தெரு கொழும்பின்ரை. கோயிலடிக்குத் திரும்பிற றோட்டு மாகாணத்தின்ரை. அங்கயிருந்து கடலுக்கு இறங்கிற மண் ஒழுங்கை பிரதேச சபையின்ரை. ஒழுங்கை முடிஞ்சு கால் நனைஞ்சுதோ, பழையபடி கொழும்பு." கடலும் மீனும் வலைக்கான அனுமதியும் கொழும்பின் கையில். உழவு இயந்திரம் பூட்டி வலை இழுக்கக்கூடாது என்ற கட்டளையும் அங்கிருந்துதான் வந்தது. "அதை எழுதின மனுசனுக்கு எங்கட கடல் எந்தப் பக்கம் கிடக்கெண்டு தெரியுமோ?" என்று அன்றைக்குச் சம்மாட்டியார் கேட்டார். வலை இழுக்கிறவர்களில் மூத்தவரான தோமஸ், "கட்டளைக்குத் தெரிஞ்சிருக்குதுதானே, வந்து சேந்திட்டுது" என்றார்.

கண் சொருகும்போது இந்த அரசாங்கங்கள் சம்மாட்டியாருக்கு ஆட்களாகத் தெரியுமாம். கொழும்பு, வெள்ளைக் காற்சட்டை போட்ட பெரிய மனிதர். மணலில் சப்பாத்துப் புதைந்துவிடும் என்று தூரத்தில் குடையோடு நின்று கையால் மட்டும் கதைப்பவர். மாகாணம், இரவல் கோட்டுப் போட்ட மாப்பிள்ளை. பந்தல் போட்டாயிற்று, கதிரையும் போட்டாயிற்று, உட்காரச் சொல்லத்தான் ஆளில்லை. பிரதேச சபை, வாளியும் விளக்குமாறுமாக நடக்கிற ஒரு மனிசி. குப்பையை அள்ளச் சொல்லி இரண்டு பேரும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். மூவரும் அந்தக் கண்ணாடிக் கடலின் மேல் கால் நனையாமல் நடந்து வருவதும், அருகில் வந்ததும் பேச்சில்லாமல் கரைந்துபோவதும் அவர் அடிக்கடி காண்கிற காட்சி. நித்திரை இல்லை, யோசனை.

மன்னார் பட்டினத்துக்குப் போனால் வஸீரின் தேத்தண்ணிக் கடையில் இந்த யோசனைக்கு வாய் முளைக்கும். வஸீர் வேண்டுமென்றே கிண்டி விடுவார்.

"சமஷ்டி சமஷ்டி எண்டு நெடுக சொல்றீங்க அண்ணன். அதான் மாகாண சபை தந்திருக்கே."

"தந்திருக்கு. அந்தச் சொல்லைப் பிடி முதலிலை. தந்தவன் எடுப்பான்."

"எங்க எடுத்தது? சட்டத்தில காணி இருக்கு, பொலிஸ் இருக்கு."

"சட்டத்திலை இருக்கு. கையிலை இருக்கோ? அறையை வாடகைக்குத் தந்துபோட்டு, திறப்பைத் தன்ரை இடுப்பிலை சொருகி வைச்சிருக்கிற வீட்டுக்காரனைக் கண்டிருக்கிறியோ? அதுதான். சபைக்கு எலெக்சன் வைச்சு எத்தினை காலம்? கொழும்பு அனுப்பின ஆளுநர் தனிய இருந்து சபை நடத்துறார்."

"அப்ப சமஷ்டி எண்டா வேற என்ன?"

சம்மாட்டியார் தேத்தண்ணிக் கோப்பையை ஒரு பக்கமும் சீனிப் போத்தலை மறுபக்கமும் தள்ளி வைப்பார். "ரெண்டு பேர் சமனா இருந்து பிரிக்கிறது. நாட்டுக் காவல், காசு அடிக்கிறது, பிற நாட்டோடை கதைக்கிறது நடுவிலை இருக்கிறவனுக்கு. பள்ளிக்கூடம், காணி, ஆசுப்பத்திரி, ஊர்ப் பொலிஸ் பக்கத்திலை இருக்கிறவனுக்கு. சிலது ரெண்டு பேருக்கும் பொது. பிரிச்சு எழுதி ரெண்டு பேரும் ஒப்பம் வைச்சாப் பேந்து, ஒருத்தன் தனிய நிண்டு அதை மாத்தேலாது. அவன் இவனுக்குக் கீழை இல்லை. இவனும் அவனுக்குக் கீழை இல்லை."

"சண்டை வந்தா?"

"ரெண்டு பேருக்கும் மேலை ஒரு நீதவான் இருப்பார்."

"உங்கட ஊட்ல அந்த நீதவான் ஆரு அண்ணன்?"

சம்மாட்டியார் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "றஞ்சிதம்" என்று மனைவியின் பேரைச் சொன்னார். கடைக்குள் சிரிப்பு எழும்பியது. வாசலில் ஒரு கழுதை தலையை உள்ளே நீட்டிக் கேட்டுக்கொண்டு நின்றது. பட்டினத்துத் தெருவெல்லாம் திரிகிற இந்தக் கழுதைகள் எந்த அரசாங்கத்தின் பொறுப்பு என்பது மட்டும் சம்மாட்டியாருக்கே இன்னும் பிடிபடாத விசயம்.

இவ்வளவும் வாயால் சொல்கிறவர்கள் ஊருக்குள் பலர் இருக்கிறார்கள். கொன்ஸ்ரன்ரைன் அதை மணலில் செய்து பார்த்தவர்.

முந்திய மண்டாடி கண் மங்கி விலகியபோது, தோட்டவெளியிலிருந்து பெண் எடுக்க வந்த மருமகனைத்தான் சம்மாட்டியார் கேட்டார். ஜஸ்ரின் அதிகம் கதைக்காதவன். கதைத்தாலும் பாதியைக் கடலைப் பார்த்துத்தான் கதைப்பான். வரச் சம்மதம், ஆனால் கரையில் நின்று கத்தக்கூடாது என்றான். சம்மாட்டியாருக்குப் பெருந்தன்மை பொங்கிவிட்டது. "போ, கடலை உனக்குத் தாறன்" என்றார்.

"தரவேண்டாம் மாமா" என்றான் ஜஸ்ரின். "தந்தால் எடுப்பியள். பிரிப்பம்."

தன் வாயிலிருந்து போன சொல்லே மருமகனின் வாயால் திரும்பி வந்து நின்றதைக் கண்டு அவர் அன்று திகைத்துப்போனார். இப்போது அந்தக் கதையைச் சொல்லும்போது, பிரிக்கிற யோசனை முழுவதும் தன்னுடையது என்றுதான் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, கோயில் வளவில், வலை இழுக்கிறவர்கள் எல்லோர் முன்னிலையிலும் பேசி முடித்தார்கள். கடல் ஜஸ்ரினுக்கு. ஆட்கள், கயிறு, சாப்பாடு, விற்பனை எல்லாம் அடங்கிய கரை சம்மாட்டியாருக்கு. கிழிந்த வலையைப் பொத்துவது இருவருக்கும் பொது. மாற்றுவதென்றால் இருவரும் சேர்ந்துதான் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற றஞ்சிதம் கடைசியில் வாய் திறந்தார்: "மருமோனுக்குக் கடல். நல்லது. அடுப்பு உன்ரை எண்டு எத்தினை வருசமாச் சொல்லுறியள், உப்புக் காணாதெண்டு மூடியைத் திறந்து பாக்காத நாள் இருக்கோ?"

சொன்னதைக் காப்பாற்றுவது சம்மாட்டியாருக்கு லேசாக இருக்கவில்லை. கையைக் காட்டிவிடுவேனோ என்ற பயத்தில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்த காலைகள் உண்டு. சொல்லாமல் இருக்கமுடியாதபோது காகத்திடம் சொல்வார். "நீர் நிண்டிட்டுது, இப்ப இறக்கலாம், என்ன?" என்று வள்ளத்தின் விளிம்பில் இருக்கும் காகத்தைக் கேட்பார். காகம் ஜஸ்ரினிடம் சொல்வதில்லை.

இந்த வருசம் பாஸ்கு என்கிற ஈஸ்ரர்த் திருநாள் கழிந்த கிழமையில் சோதனை வந்தது. அதற்கு முந்திய பல நாட்கள் மடி வெறும் சாதாளைப் புல்லோடு கரையேறியது. வலை இழுக்கிறவர்களுக்குப் பங்கு மீனே சம்பளம். மீன் இல்லாவிட்டால் அவர்கள் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்த பாடு ஹலீமுடையது. போனவர்கள் அந்தப் பருவம் முடியும்வரை திரும்ப மாட்டார்கள். ஆள் இல்லாத வலை கூரைக்குக் கீழே கிடந்து எலிக்கு வீடாகும். கீழே இருந்து ஏறி வந்த மனிதருக்கு அந்த வலைதான் முகம். அது கடலில் இறங்காத பருவம் ஒன்று அவர் வாழ்க்கையில் இருந்ததில்லை.

அன்று காலை வள்ளம் வலையோடு போய் நீரில் நின்றது. இயந்திரம் ஓய்ந்திருந்தது. முன்னணியில் ஜஸ்ரின். கரையில் எல்லோரும் கயிற்றைப் பிடித்தபடி. சம்மாட்டியார்தான் முதலில் கண்டார். நீருக்கு அடியில் ஒரு மேகத்தின் நிழல். வானத்தில் மேகம் இல்லை. நிழல் மெல்ல அகன்றது, சுருங்கியது, திரும்பவும் அகன்றது. நித்திரையில் இருக்கிற ஒரு பெரிய உடம்பு மூச்சு விடுவதுபோல. அதன் நடுவில் செம்மை ஓடியது. பாரை மீன் கூட்டம். வருசத்தில் ஒருமுறை வந்தால் பெரிய காரியம்.

ஜஸ்ரினின் கை உயரவில்லை.

"நீர் கிழக்கை இழுக்குது" என்று வள்ளத்திலிருந்து அவன் குரல் தண்ணீரின் மேல் தவழ்ந்து வந்தது. "இப்ப இறக்கினால் மடி கல்லிலை போய்க் கொழுவும்."

கல் கிடக்கிற இடம் சம்மாட்டியாருக்கும் தெரியும். நீரின் இழுவையும் தெரியும். மண்டாடியாக நின்ற காலத்தில் இதைவிட மோசமான நீரில் இறக்கியவர். மடி கல்லுக்குப் போகாது. அது அவருக்குத் தன் உள்ளங்கையைப்போல் தெரிந்தது.

பக்கத்தில் நின்ற தோமஸ் மெதுவாகச் சொன்னார். "சம்மாட்டியார், செருமுங்கோ."

தொண்டைக்குள் செருமல் வந்து நின்றது. வள்ளத்தில் இருக்கிறவர்கள் அவருடைய ஆட்கள். அவர் ஒரு கையை அசைத்தால் மண்டாடியைப் பார்க்காமலே வலையைத் தள்ளுவார்கள். நிழல் அகன்றது, சுருங்கியது. வெயில் கண்ணுக்குள் இறங்கிக் கடலையும் கரையையும் ஒன்றாகக் குழைத்தது. அந்தக் குழம்பலுக்குள் வெள்ளைக் காற்சட்டைக்காரர் அன்று குடையில்லாமல், மிக அருகில் வந்து நின்றதாகச் சம்மாட்டியார் சொல்கிறார். இது அவசரம், என்றாராம். அவசரத்துக்குச் சட்டம் பார்க்க முடியுமா? ஊரின் நன்மைக்குத்தானே, இன்றைக்கு மட்டும் எடு, நாளைக்குத் திருப்பிக் கொடுக்கலாம். வாழ்நாள் முழுவதும் வானொலியில் கேட்டுக் கேட்டுக் காது புளித்த பேச்சு. அதே பேச்சு இப்போது தன் தொண்டைக்குள்ளிருந்து, தன் குரலிலேயே, இவ்வளவு நியாயமாகக் கேட்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

அவர் செருமலை விழுங்கினார்.

நிழல் கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தது. பிறகு யாரோ எழுப்பிவிட்டதுபோல் அசைந்து, கரையோரமாகவே மேற்கே போய், ஹலீமின் பாட்டுக்குள் நுழைந்தது. கல் அங்கேயும் நீண்டு கிடக்கிறது. ஆனாலும் வலை இறங்கியது. மடி கல்லில் கொழுவவில்லை. வலை கரைக்கு நெருங்க நெருங்க நீர் கொதித்தது. மணலில் வெள்ளி வெள்ளியாகப் பாரைகள் விழுந்து துடித்தன. கொன்ஸ்ரன்ரைனின் ஆட்கள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். றொகான் என்ற இளந்தாரி கைத்தொலைபேசியில் அதைப் படம் எடுத்தான்; எடுத்துவிட்டு, சம்மாட்டியார் பார்ப்பதைக் கண்டு சட்டைப்பையில் வைத்தான்.

ஜஸ்ரின் வள்ளத்திலிருந்து குதித்து இடுப்பளவு நீரில் நடந்து வந்தான்.

"பிழைச்சுப் போச்சு மாமா."

"ஓம்" என்றார் சம்மாட்டியார். "பிழைச்சுத்தான் போச்சு."

 மிச்சப் பேச்சு மற்றவர்களிடம் இருந்தது.

"இனிக் கடலையும் நீங்களே எடுங்கோ" என்றார் தோமஸ். "பெடியனிலை எங்களுக்குக் கோவமில்லை. ஆனால் எங்கட பிள்ளையளுக்குச் சோறு வேணும்."

"கடல் என்ரை இல்லை, தோமஸ். என்ரை இல்லாததை எப்பிடி எடுக்கிறது?"

"நீங்கள்தானே குடுத்தனீங்கள்."

"குடுக்கேல்லை. பிரிச்சனாங்கள். நீயும் கோயில் வளவிலை நிண்டனீதானே."

றொகான் முன்னால் வந்தான். "சம்மாட்டியார், அவர் பிழை விட்டவர். எல்லாரும் கண்டது."

"நானும் கண்டனான். உன்ரை போனும் கண்டது." சம்மாட்டியார் குரலை உயர்த்தவில்லை. "சரியாச் செய்யேக்கை மட்டும் அவன்ரை, பிழைச்சால் என்ரை எண்டால், அது எப்பவும் அவன்ரை இல்லை. அது இரவல். நான் அவனுக்கு இரவல் குடுக்கேல்லை."

"உங்கட நியாயத்தை வைச்சுக் கறி காய்ச்சேலாது" என்றார் தோமஸ்.

"காய்ச்சேலாதுதான்" என்று சம்மாட்டியார் ஒத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஹலீம் கூடையொன்றைத் தூக்கிக்கொண்டு தானே வந்து சேர்ந்தார். கூடைக்கு மேலே பாரை வால்கள் நீட்டிக்கொண்டு நின்றன. "அண்ணன், உங்கட மீன் வழி தெரியாம எங்கட வலைக்கு வந்திட்டு. திருப்பித் தர வந்தன்" என்றார். முகத்தில் சிரிப்பை அடக்க அவர் பெரிய முயற்சி எடுக்கவில்லை.

"வழி தெரிஞ்சுதான் வந்தது, ஹலீம். கூடையை நிழலிலை வை."

"என்ட மண்டாடி எண்டா அந்த இடத்திலையே கையைப் பிடிச்சு உயத்தியிருப்பன்."

"அது உன்ரை பாட்டுச் சட்டம். நான் அதிலை கை வைக்கிறேல்லை" என்றார் சம்மாட்டியார். ஹலீம் கொஞ்சம் நின்று பார்த்தார். பகிடியைத் தொடர மனம் வராமல், கூடையை வைத்துவிட்டுத் திரும்பினார். அவர் பின்னால் றொகான் போனான். றொகானுக்குப் பின்னால் இன்னும் சிலர், தலையைக் குனிந்துகொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. தோமஸ் போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. இரண்டு பாட்டுக்கும் நடுவில் குந்தியிருந்து வெற்றிலை போட்டார்.

றஞ்சிதம் கஞ்சிப் பானையோடு ஒழுங்கையால் இறங்கி வந்தபோது கரையின் பாதி வெறிச்சோடியிருந்தது. மிஞ்சியவர்களில் ஒருவர், "அக்கா, நீங்களாவது ஒரு தீர்ப்பைச் சொல்லுங்கோ" என்றார். றஞ்சிதம் எல்லோரையும் பார்த்தார். கடைசியில் மருமகனின் முகத்தையும் பார்த்தார். "அடுப்பை விட்டிட்டு வந்து உங்கட கடலுக்குத் தீர்ப்புச் சொல்லவோ? கஞ்சி ஆறுது, வந்து குடியுங்கோ" என்றார். முதல் சிரட்டையை ஜஸ்ரினிடம்தான் நீட்டினார். அவன் வாங்கினான், குடிக்கவில்லை.

மத்தியானம் சாய்ந்தது. ஹலீமின் பக்கம் லொறி வந்து, மீனை ஏற்றிக்கொண்டு, மண் ஒழுங்கையில் இரைந்து போய்விட்டது. அதன் சத்தம் முழுவதும் அடங்கிய பிறகு கடல் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. நீரின் மேல் வெயில் ஒரு பாயைப்போல் விரிந்து கிடந்தது. நாரை ஒன்று அதன் மேல் தன் நிழலோடு மட்டும் பறந்து போனது. ஜஸ்ரின் முழங்கால் நீரில் நெடுநேரம் நின்றான். ஒருமுறை குனிந்து கையை நீருக்குள் விட்டு, விரல்களை விரித்து, நீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தான். பிறகு திரும்பினான்.

"மாமா, இப்ப இறக்கலாம்."

கரையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த நேரத்தில், அந்தக் கடலில், கொஞ்சம் சூடை மீன் கிடைத்தாலே பெரிது. தோமஸ் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இப்ப என்னத்தைப் பிடிக்கப் போறான்?" என்றார். சம்மாட்டியார் விரும்பினால் ஆட்களைப் போகச் சொல்லலாம். ஆட்கள் கரை, கரை அவருடையது. ஆட்கள் இல்லையென்றால் வலை இல்லை, மருமகனும் அவமானப்படாமல் வீட்டுக்குப் போகலாம், கடலை எடுத்ததாகவும் இருக்காது. அந்த வழி அவருக்குத் தெரியாமல் இல்லை.

"கேட்டதுதானே" என்றார் மற்றவர்களிடம். "இறக்கிறமாம். எழும்புங்கோ."

எழும்பினார்கள். ஒரு கயிற்றுக்கு ஆள் இருந்தது. மற்றக் கயிற்றுக்குக் கடைசியில் ஒருவர் குறைந்தார். எல்லோருடைய கண்ணும் தோமஸிடம் போனது. தோமஸ் அசையவில்லை.

சம்மாட்டியார் சட்டையைக் கழற்றினார். கைக்கடிகாரத்தையும் கழற்றி, இரண்டையும் றஞ்சிதத்தின் கையில் கொடுத்தார். "இஞ்சேருங்கோ, உங்கட முதுகு" என்று றஞ்சிதம் தொடங்கியதைக் காதில் வாங்காமல் நடந்து போய், கயிற்றின் வால்பக்கத்தில், நேற்று வந்து சேர்ந்தவன் நிற்கிற இடத்தில் நின்றார். கயிற்றை இடுப்பைச் சுற்றி எடுத்து முடிச்சுப் போட்டார். குதிக்கால் இரண்டையும் மணலில் அழுத்திப் புதைத்தார்.

வள்ளம் நீருக்குள் தள்ளப்பட்டு, திரும்பி நின்றது. முன்னணியில் ஏறிய ஜஸ்ரின் கரையைப் பார்த்தான். கயிற்றின் கடைசியில் நிற்பது யாரென்று கண்டதும் அவன் கை பாதியில் நின்றது.

"கரையிலை ஆள் சரி" என்று சம்மாட்டியார் கத்திச் சொன்னார். சொல்லிவிட்டு, அவனுடைய கை உயரும்வரை, கயிற்றை இறுகப் பிடித்தபடி குனிந்து நின்றார்.